உப்பு எடுத்தது யார், சோறு கட்டியது யார்? வரலாற்றுப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாட ஆசிரியர்களுக்கு,

வணக்கம். விடுதலைப் போராட்டப் பாடத்தைப் புதிதாக எழுத உட்காருபவர்களுக்கு இந்த மடல். ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுபவர்களும் ஆகஸ்ட் மாதக் கண்காட்சிக்கு அட்டை ஒட்டுபவர்களும் கூடவே படிக்கலாம். எழுதுகிற நாங்கள் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்துகிறவர்கள்.

எங்களுக்கு ஒரே ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை. "மக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர்." தலைவர் பெயர், ஆண்டு, ஊர் மூன்றையும் சொன்ன பிறகு இந்த வரி வரும், பாடம் முடிந்துவிடும். பெருந்திரளில் இருந்தது யார், அவர்களுக்கு யார் சமைத்தார்கள், வேலைக்குப் போகாத நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது, எந்தச் சட்டப் பிரிவில் பிடித்தார்கள் என்ற எதற்கும் அந்த வரியில் இடமில்லை. தலைவர் கைதட்டினார், ஊர் எழுந்து வந்தது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எந்த ஊரும் எழுந்து வரவில்லை. வேதாரண்யத்தையும் தூத்துக்குடியையும் எடுத்துக்கொண்டு இதைக் காட்டுகிறோம்.

முதலில் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து உப்புச் சட்டத்தை மீற ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தார்கள். ஏப்ரல் 30 காலை அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளி ராஜாஜி கைதானார்; ஆறு மாதச் சிறை. பாடத்தில் இவ்வளவும் ஏற்கெனவே இருக்கும்.

இனி வகுப்பில் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். தூரம் ஏறத்தாழ 150 மைல், அதாவது 240 கிலோமீட்டர். பதினைந்து நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குச் சராசரி 16 கிலோமீட்டர், அதுவும் சித்திரை வெயிலில். நூறு பேர், நாளுக்கு இரண்டு வேளை, பதினைந்து நாள் என்றால் மூவாயிரம் சாப்பாடு. வேளைக்கு ஆளுக்கு 200 கிராம் அரிசி என்று வைத்தாலும் நாளுக்கு 40 கிலோ, மொத்தம் 600 கிலோ. விறகு, தண்ணீர், இலை, படுக்க இடம், புண்பட்ட காலுக்கு மருந்து எல்லாம் இதற்கு மேல். இதை முதுகில் சுமந்துகொண்டு யாரும் 240 கிலோமீட்டர் நடக்க முடியாது. போகிற ஊர்தான் போட வேண்டும். யாத்திரையின் உயிர்நாடி அந்த ஊர்க்காரர்களின் அடுப்படியில் இருந்தது.

தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்னுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. நடப்பவர்களை வழியிலேயே அடித்துப் பிடித்தால் அவர்களுக்குப் பேர்தான் கிடைக்கும். பட்டினி போட்டால் தானாகத் திரும்பிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 157ஆம் பிரிவைக் கையில் எடுத்தார். சட்டவிரோதக் கூட்டத்துக்கென்று திரட்டப்பட்ட ஆட்களுக்கு இடம் கொடுப்பதோ அடைக்கலம் தருவதோ குற்றம். ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சோறு போட்டாலோ திண்ணையில் படுக்க விட்டாலோ சிறை என்று தமிழில் அறிவிப்பு அடித்து ஊரூராகப் பரப்பினார்.

இங்கே பாடத்தை நிறுத்தி, பிள்ளைகளைக் கொஞ்சம் யோசிக்க விடுங்கள். இந்தப் பிரிவில் வழக்குப் போடக் காவல்துறைக்கு என்ன வேண்டும்? இன்னார், இந்த வீட்டில், இந்த ஆட்களை வைத்திருந்தார் என்று காட்ட வேண்டும். வீடு இல்லை, கொடுத்தவர் முகம் இல்லை என்றால் வழக்கு எங்கே நிற்கும்? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கியது இதனால்தான். கட்டியவர் போய்விட்டார். நடந்து வந்தவர் அவிழ்த்துத் தின்றார். மரத்தின்மேல் 157 போட முடியாது.

அந்தப் பொட்டலங்களைக் கட்டியவர்களின் பெயர்கள் பாடத்தில் இல்லையே என்று சிலர் வருந்துவதுண்டு. பெயர் தெரியாமல் இருந்ததுதான் அந்த உத்தியின் பலம். எளிய மனிதர்களின் பெயர்கள் வரலாற்றில் காணாமல் போனதற்கு அலட்சியம் ஒரு காரணம் என்றால், அவர்களே வேண்டுமென்று மறைந்துகொண்டது இன்னொரு காரணம். பெரும்பாலான பாடங்கள் இந்த இரண்டாவதைத் தவறவிடுகின்றன. முகம் காட்டித் துணிந்து வரவேற்றவர்களும் உண்டு. அவர்கள் சிறைக்குப் போனார்கள். இரண்டுமே தேவைப்பட்டன. எல்லோரும் சிறைக்குப் போயிருந்தால் மறுநாள் சோறு இல்லை. எல்லோரும் மறைந்திருந்தால் பயம் தெளிந்திருக்காது. கடைசியில், அரசாங்கத்தின்மேல் மக்களுக்குப் பக்தி என்று ஒன்று இருந்திருந்தால் அது இப்போது செத்துப்போய்விட்டது என்ற பொருள்பட அதே தார்ன் மேலிடத்துக்கு எழுத வேண்டியதாயிற்று. இந்த வரிக்குப் பாடத்தில் இடம் ஒதுக்குங்கள். எதிராளியே எழுதிக்கொடுத்த சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

அப்படியானால் ராஜாஜியின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். நிறைய. ஆனால் பாடம் வழக்கமாகப் புகழ்கிற இடத்தில் இல்லை. அவர் உப்பு அள்ளிய அந்த ஒரு நிமிடத்தை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஆள் எண்ணிக்கையை நூறளவில் நிறுத்தியது, நெல் விளையும் காவிரிக் கரையோர ஊர்கள் வழியாகப் பாதையை வகுத்தது, போய்ச் சேரும் இடத்தில் நம்பகமான ஆளாக வேதரத்தினம் பிள்ளையைப் பிடித்தது: சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வறண்ட சீமை வழியாகப் போயிருந்தால் மூன்றாம் நாளே கதை முடிந்திருக்கும். வேதரத்தினம் பிள்ளையோ உப்பும் உப்பளமும் அறிந்த உள்ளூர்க்காரர். காவல் போட்ட கடற்கரையில் எங்கே போனால் உப்பு கைக்கு அகப்படும் என்பது வெளியூர்த் தலைவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த உதவிக்கு அவர் சிறையையும் சொத்துப் பறிமுதலையும் விலையாகக் கொடுத்தார்.

உப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். பள்ளி நாடகங்களில் ராஜாஜி வேடமிட்ட பையன் பாக்கெட்டுப் பொடி உப்பைத் தூக்கிக் காட்டுகிறான். அகத்தியம்பள்ளியில் கிடைப்பது அதுவல்ல. கடல்நீர் ஏறி நிற்கும் சதுப்புப் பள்ளங்கள் கோடையில் வெயிலிலும் காற்றிலும் வற்றி, சேறு ஒட்டிய சாம்பல் நிறக் கல்லுப்பாகப் படியும். மனிதன் உழைப்பே இல்லாமல் தரையில் கிடக்கிற அதை அள்ளினாலும் குற்றம் என்றது சட்டம். அந்த அபத்தம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்றால் ஒருமுறை உப்பைக் காய்ச்சிப் பார்க்க விடுங்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்த்து 35 கிராம் அளவில் இருக்கும். சமையல் உப்பு மட்டும் 27 கிராம் போல. துணியில் வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சலாம். அலுமினியம் வேண்டாம், அரித்துவிடும். வற்றும்போது முதலில் சுண்ணாம்பு போல ஒரு வெண்படிவு வரும். அதை உப்பென்று நினைத்துப் பலர் அள்ளிவிடுகிறார்கள். அது கால்சியப் படிவு. மறுபடி வடிகட்டி நீக்குங்கள். ஒரு லிட்டர் சுமார் 100 மில்லியாகச் சுண்டும்போதுதான் உண்மையான உப்பு இறங்கத் தொடங்கும். 30 மில்லி அளவு நீர் மிஞ்சும்போது அடுப்பை அணைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். பொதுவாகத் தப்பு நடப்பது இங்கேதான். நீரே இல்லாமல் வற்றவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, வாயில் வைக்க முடியாமல் கசக்கும். மறுநாள் காற்றில் ஈரம் இழுத்துச் சொதசொதவென்று ஆகிவிடும். ஒரு லிட்டருக்கு இருபது கிராமுக்கு மேல் நல்ல உப்பு கிடைத்தால் பிள்ளைகளைப் பாராட்டுங்கள்.

பிறகு வரிக் கணக்கு. 1930-ல் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. ஆளுக்கு நாளுக்கு 15 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு முக்கால் மணங்கு; வரி மட்டும் 15 அணாவுக்குச் சற்றுக் குறைவு. "இவ்வளவுதானா?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். மிராசுதாருக்கும் அவர் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் அதே 15 அணா என்பதுதான் விடை. அவருக்கு அது சில்லறை, அவளுக்குப் பல நாள் கூலி. உப்பைக் குறைத்துத் தின்று வரியைக் குறைக்கவும் முடியாது. வெயிலில் உழைப்பவருக்குத்தான் உப்பு அதிகம் தேவை. எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு குறையைக் காந்தி தேடிப் பிடித்தார் என்றால் இதைத்தான்.

வேதாரண்யத்தை விட்டுப் போகும் முன் வைரப்பன். இவருக்குப் பாடத்தில் ஒரு பெட்டிச் செய்தி கிடைத்தாலே பெரிது. ஒரு பக்கம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. சவரத் தொழிலாளி. உப்புச் சத்தியாகிரகத்தை ஒடுக்க வந்தவர்களுக்குச் சவரம் செய்வதில்லை, துணி வெளுப்பதில்லை என்று தொழிலாளர்கள் முடிவு கட்டியிருந்த நேரம். யாரென்று தெரியாமல் ஒருவருக்குச் சவரத்தைத் தொடங்கி, ஆள் போலீஸ்காரர் என்று பாதியில் தெரிந்ததும் கத்தியை மடக்கிவிட்டார். வழக்கு நடந்தது. மீதியைச் செய்து முடி என்று சொல்லப்பட்டபோது, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்று மாஜிஸ்திரேட்டிடமே கத்தியை நீட்டினார் என்று வேதாரண்யத்தில் சொல்வார்கள். ஆறு மாதச் சிறை. அவருக்கு அந்த ஊரில் நினைவுத்தூண் இருக்கிறது.

இதைச் சிரிப்புக் கதையாக மட்டும் எழுதிவிடாதீர்கள். தானே சவரம் செய்துகொள்ளும் வழக்கம் பரவாத காலம். அணிவகுப்புக்கு முகம் மழித்துப் போக வேண்டிய காவலருக்கு உள்ளூர்த் தொழிலாளியை விட்டால் வழியில்லை. அதோடு, சவரமும் சலவையும் மறுப்பது நம் ஊர்களின் பழைய ஆயுதம். கட்டுப்பாட்டை மீறியவரை, பெரும்பாலும் எளியவரை, ஊர் விலக்கு வைத்து மண்டியிட வைக்கப் பயன்பட்டது. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் ஆணையிட, இதே தொழிலாளிகள் நிறைவேற்றியாக வேண்டும். 1930-ல் ஆணை அவர்கள் கைக்கு வந்தது. விலக்கு வைக்கப்பட்டது சர்க்கார். ஆயுதத்தின் பழைய அசிங்கத்தையும் புதிய பயனையும் சேர்த்தே சொல்லுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே புரியும்.

உண்மையில் வைரப்பனுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தூத்துக்குடியில் இது நடந்துவிட்டது. சுதேசிகளை எதிர்த்துப் பேசிய ஒரு வழக்கறிஞரைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு நாவிதர் எழுந்து போன செய்தி 1908-ஐச் சேர்ந்தது. ஆகவே தூத்துக்குடிக்கு வருவோம்.

வ.உ.சி. என்றதும் கப்பலும் செக்கும் வரும். கப்பல் எப்படி ஓடியது, ஏன் நின்றது என்பது வராது. வ.உ.சி. தொடங்கிய கப்பல் கம்பெனியான சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16 அன்று பதிவானது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள், அதாவது இரண்டு லட்ச ரூபாய்க்கு எடுத்தார். முதலில் வாடகைக் கப்பல் பிடித்தார்கள். போட்டிக்கார பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி, வாடகைக்குக் கொடுத்தவர்களை நெருக்கி அதை நிறுத்த வைத்தது. சொந்தக் கப்பல் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று ஆன பிறகுதான் 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டும் வந்தன.

அப்புறம் கட்டணச் சண்டை. கொழும்புப் பயணத்துக்கு வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசி அரை ரூபாய்க்கு இறங்கியது. அவன் இலவசமாக ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்தான். குடையை எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறோம். சிரித்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். கப்பல் காலியாகப் போனாலும் நிலக்கரி, மாலுமிச் சம்பளம், துறைமுகக் கட்டணம் குறையாது. பல தடங்களில் கப்பல் விடுகிறவன் ஒரு தடத்தின் நட்டத்தை மற்றவற்றில் சரிக்கட்டுவான். இரண்டே கப்பலில் ஒரே தடத்தை நம்பியிருப்பவனால் முடியாது. இலவசக் கப்பல் நிற்கையில் அரை ரூபாய் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய பயணி ஒவ்வொருவரும், சரக்கை மாற்றாத வியாபாரி ஒவ்வொருவரும், ஒவ்வொரு முறையும் இந்தப் போரில் வாக்களித்தவர்கள். அவர்களால் கப்பல் ஓடியது. 1908-ல் வ.உ.சி. உள்ளே போனதும் பங்குதாரர்கள் பயந்தார்கள், நிர்வாகம் தடுமாறியது. 1911-க்குள் சங்கம் கலைந்து கப்பல்கள் கைமாறிவிட்டன. தலைவர் இல்லாமல் நிற்கும் அளவுக்கு அந்த நிறுவனம் இறுகவில்லை. இந்தத் தோல்வியை மழுப்ப வேண்டாம். வேதாரண்யத்தில் ராஜாஜி கைதான மறுநாளும் தொண்டர்கள் உப்பெடுத்துத் தடியடி பட்டதோடு இதை ஒப்பிட்டால் பாடம் கனமாகும்.

தூத்துக்குடியின் கோரல் நூற்பாலையில் வேலைநிறுத்தம் 1908 பிப்ரவரி 27 அன்று தொடங்கியது. விடிந்தது முதல் இருட்டும்வரை வேலை, வார விடுமுறை கிடையாது, பிழை செய்தால் அடி, கூலி குறைவு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களில் பேசினார்கள். ஆனால் பேச்சால் வயிறு நிறையாது. வேலைநிறுத்தம் பெரும்பாலும் உடைவது அரிசி தீரும் நாளில்தான். ஊரில் பணம் திரட்டினார்கள், சாப்பாடு போட்டார்கள், சிலருக்கு வேறு வேலை பார்த்துக் கொடுத்தார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

அந்தக் கடனை ஆலைத் தொழிலாளிகள் சீக்கிரமே தீர்த்தார்கள். வங்கத் தலைவர் பிபின் சந்திர பால் சிறையிலிருந்து விடுதலையானதைக் கொண்டாடியதை ஒட்டி மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளிகள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல. நகராட்சித் துப்புரவுத் தொழிலாளிகள், சவரத் தொழிலாளிகள், சலவைத் தொழிலாளிகள், ஜட்கா ஓட்டுநர்கள் சேர்ந்துகொண்டார்கள். திலகருக்காகப் பம்பாய் ஆலைகள் நின்றது இதற்கு நான்கு மாதம் கழித்துத்தான். அடக்குவதற்கு வந்த தண்டக் காவல் படையின் செலவை ஊர்மக்களிடமே வசூலித்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, நாற்பது ஆண்டு என்று தீர்ப்பெழுதினார். ஊரைத் தூண்டிவிட்டவர் என்பது குற்றச்சாட்டு. ஊருக்குச் சொந்தமாகக் கோபம் வரும் என்று அந்த நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. "மக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர்" என்று எழுதும்போது நாமும் ஏறக்குறைய அந்தத் தீர்ப்பைத்தான் வழிமொழிகிறோம்.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பர் 24 அன்று வ.உ.சி. வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு கண்காணிப்பு இறுகிவிட்டது. மக்கள் எப்போதும் கூடவே இருந்தார்கள் என்று எழுதுவதும் பொய்தான். பயந்த காலமும் உண்டு. கைது செய்த காவலரும் தகவல் சொன்னவரும் தமிழர்களே.

மற்றவற்றைப் பெயரளவில் தொட்டுப் போகிறோம்: 1920 ஏப்ரல் 3-ல் குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் சுடப்பட்டவர்கள், 1927-ல் சென்னையில், 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலத் தளபதி நீலின் சிலையை எதிர்த்துச் சிறைசென்ற அஞ்சலையம்மாளும் அவர் மகளும், வேதாரண்யத்தில் கைதான ருக்மிணி லட்சுமிபதி, மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குப் போன பெண்கள். ஒவ்வொன்றுக்கும் இதே கேள்விகளைக் கேட்டால் தனித்தனிப் பாடம் வரும்.

எங்கள் கோரிக்கை சிறியது. பாடத்தின் பின்னால் "வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்?" என்ற ஒரு மதிப்பெண் கேள்வி இருக்கட்டும். அதன் கீழே ஐந்து மதிப்பெண்ணுக்கு இன்னொன்று சேருங்கள்: "157ஆம் பிரிவு அமலில் இருக்கும் ஊரில், நூறு பேருக்கு ஒரு வேளைச் சோறு போட வேண்டும். யார் யார் உதவி தேவை, எவ்வளவு அரிசி, எங்கே வைப்பீர்கள், யாருக்குச் சிறை வரும்?" விடைக்குறிப்பில் ஒரே சரியான பதில் என்று எதையும் அச்சிட வேண்டாம். அரிசிக் கணக்கு சரியாக இருந்தால் இரண்டு மதிப்பெண், மாட்டிக்கொள்ளக்கூடிய ஆளைச் சரியாக அடையாளம் கண்டால் மூன்று.

நாடகம் போடுபவர்களுக்கு ஒன்று: மரம் ஒன்றை மேடையில் வையுங்கள், தலைவர் வேடத்துக்குக் கொடுக்கிற ஒத்திகை நேரத்தில் பாதியைப் பொட்டலம் கட்டுகிறவர்களுக்குக் கொடுங்கள், கல்லுப்பு வாங்குங்கள்.

இப்படிக்கு,
வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் சிலர்